கிளாக்டன் 2014: ஒரே ஒரு கேள்விக்காகக் கட்சி மாறலாமா?

இரண்டு எண்களிலிருந்து தொடங்குகிறேன்: 12,068, 12,404. இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில், எசெக்ஸ் பகுதியில் இருக்கும் கிளாக்டன் தொகுதியில் டக்ளஸ் கார்ஸ்வெல் ஜெயித்த வாக்கு வித்தியாசங்கள் இவை. முதலாவது 2010 மே மாதம், கன்சர்வேடிவ் கட்சி வேட்பாளராக. இரண்டாவது 2014 அக்டோபரில், யுகிப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஐக்கிய ராச்சிய சுதந்திரக் கட்சியின் வேட்பாளராக; ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேற வேண்டும் என்பதே அந்தக் கட்சியின் முதல் கோரிக்கை. ஆள் அதே, ஊர் அதே, கட்சி மட்டும் வேறு. இரண்டு வெற்றிகளுக்கும் நடுவில் வெறும் 336 வாக்குகள்தான் இடைவெளி.

கட்சி மாறியதும் மக்களும் கூடவே வந்துவிட்டார்கள் என்று இதைப் படிப்பது சுலபம். நானும் முதலில் அப்படித்தான் படித்தேன். அடுத்த மூன்று ஆண்டுகளில் அந்த மனிதருக்கும் அவர் போன கட்சிக்கும் நடந்ததைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாடு இருக்க வேண்டுமா, வெளியேற வேண்டுமா என்ற கேள்விக்காக பிரிட்டனில் கட்சியை விட்டவர்கள் 1970களிலிருந்தே உண்டு. அவர்களில் கார்ஸ்வெல்லை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கட்சி மாறிய விதத்தில் அவரிடம் குறை சொல்ல எதுவும் இல்லை. மாறியிருக்கவே வேண்டுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

ஏன் போனார்?

கார்ஸ்வெல் 1971இல் பிறந்தவர். உகாண்டாவில் வளர்ந்தவர். 2005இல் முதல்முறை நாடாளுமன்றத்துக்கு வந்தார். கட்சித் தலைமைக்குத் தலையாட்டும் ரகம் இல்லை. 2009இல் எம்.பி.க்களின் செலவுக் கணக்கு ஊழல் வெடித்தபோது, சபாநாயகர் மைக்கேல் மார்ட்டின் மீது நம்பிக்கை இல்லை என்று தீர்மானம் கொண்டுவந்தவர் இவர்தான். மார்ட்டின் பதவி விலகினார். 1695க்குப் பிறகு இப்படி வெளியேற்றப்பட்ட முதல் சபாநாயகர் அவர். எம்.பி. பதவி என்பது தொகுதி மக்கள் கொடுத்து வைத்திருக்கும் அதிகாரம், கட்சியோ சபையோ அதற்குச் சொந்தம் கொண்டாட முடியாது என்பதை கார்ஸ்வெல் திரும்பத் திரும்பப் பேசினார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேற வேண்டும் என்பது அவருடைய பழைய நிலைப்பாடு. கட்சிக்குள் இதில் அவர் தனி ஆளும் இல்லை. 2011 அக்டோபரில், ஒன்றியத்தில் இருப்பது பற்றிப் பொது வாக்கெடுப்பு வேண்டும் என்ற தீர்மானம் சபைக்கு வந்தபோது, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி 81 கன்சர்வேடிவ் எம்.பி.க்கள் அதை ஆதரித்து வாக்களித்தார்கள். தீர்மானம் தோற்றாலும் பிரதமர் டேவிட் கேமரூனுக்கு அது நல்ல அதிர்ச்சி. ஒரு பக்கம் சொந்த எம்.பி.க்கள், இன்னொரு பக்கம் வளர்ந்துகொண்டிருந்த யுகிப். 23 ஜனவரி 2013 அன்று கேமரூன் இறங்கி வந்தார். அடுத்த தேர்தலில் தன் கட்சி ஜெயித்தால் ஒன்றியத்தோடு புதிய பேரம் பேசுவேன், 2017 முடிவதற்குள் இருப்பதா, வெளியேறுவதா என்று மக்களிடமே கேட்பேன் என்றார்.

ஆக, கார்ஸ்வெல் பல வருடமாகக் கேட்டுவந்ததை அவருடைய தலைவர் பகிரங்கமாகக் கொடுத்தாகிவிட்டது. அதற்கு ஒன்றரை வருடம் கழித்து, 28 ஆகஸ்ட் 2014 அன்று, லண்டனில் நடந்த செய்தியாளர் சந்திப்பில் யுகிப் தலைவர் நைஜல் ஃபராஜின் பக்கத்தில் நின்றுகொண்டு கட்சி மாறுவதாக அறிவித்தார். அந்த வருடம் மே மாதம் நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் யுகிப் 24 இடங்களுடன் நாட்டிலேயே முதலாவதாக வந்திருந்தது. அறிவிப்பு வரப்போவது கன்சர்வேடிவ் தலைமைக்கு முன்கூட்டித் தெரிந்ததாகத் தெரியவில்லை.

அவர் சொன்ன காரணம் இது. தலைமை உண்மையான மாற்றத்தை விரும்பவில்லை. ஒன்றியத்திடமிருந்து பெயருக்கு ஏதோ கொஞ்சம் வாங்கி, அதைப் பெரிய சாதனையாகக் காட்டி, மக்களை ‘இருப்போம்’ என்று வாக்களிக்க வைப்பதுதான் திட்டம்.

சரி, அவர் கணித்தது நடந்ததா? நடந்தது, கிட்டத்தட்ட எழுத்து பிசகாமல். 2016 பிப்ரவரியில் கேமரூன் பிரஸ்ஸல்ஸிலிருந்து ஓர் ஒப்பந்தத்தோடு திரும்பினார். புதிதாக வந்து வேலை செய்யும் ஐரோப்பியர்களுக்கான சலுகைத் தொகைக்குத் தற்காலிகக் கட்டுப்பாடு, ஒன்றியத்தின் ‘மேலும் நெருங்கிய ஐக்கியம்’ என்ற இலக்கிலிருந்து பிரிட்டனுக்கு விலக்கு என்று சில விஷயங்கள் அதில் இருந்தன. அதைக் காட்டித்தான் ‘இருப்போம்’ என்று பிரச்சாரம் செய்தார்.

ஆனால் இங்கே இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிரதமர் எந்தப் பக்கம் பிரச்சாரம் செய்வார் என்பது ஒன்று. வாக்குச்சீட்டு மக்கள் கைக்கு வருமா என்பது மற்றொன்று. முதலாவதில் கார்ஸ்வெல் கேமரூனைச் சரியாக எடைபோட்டார். வெளியேற விரும்பும் ஒருவருக்கு முக்கியமானது இரண்டாவதுதான். அந்த வாக்குச்சீட்டைக் கொடுக்கக்கூடிய நிலையில் 2014இல் இருந்த ஒரே பெரிய கட்சி, அவர் விட்டுப் போன கட்சி. லேபர் கட்சித் தலைவர் எட் மிலிபாண்ட் அப்படி ஒரு வாக்குறுதியைத் தர மறுத்துவிட்டிருந்தார். யுகிப் தனியாக ஆட்சிக்கு வரும் என்று யாரும் நம்பவில்லை. கன்சர்வேடிவ் வாக்கை யுகிப் பிரித்தால் மிலிபாண்ட் பிரதமர், மிலிபாண்ட் பிரதமரானால் வாக்கெடுப்பே கிடையாது. அந்த வருடக் கட்சி மாநாட்டில் கேமரூன் இதையே கிண்டலாகச் சொன்னார்: ஃபராஜோடு தூங்கப் போனால் மிலிபாண்டோடு கண் விழிப்பீர்கள் என்று. கிண்டலை எடுத்துவிட்டாலும் வாதம் வாதம்தான்.

கார்ஸ்வெல்லிடம் இதற்கு நேரான பதில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பதவியை விட்டுவிட்டுப் போனது

இந்தியாவில் கட்சித் தாவலைப் பற்றிப் பேசினால் 1985இல் வந்த பத்தாவது அட்டவணை உடனே நினைவுக்கு வரும். கட்சியை விட்டால் பதவி போகும் என்பது சட்டம். பிரிட்டனில் அப்படி ஒன்று இல்லை. சட்டத்தின் பார்வையில் ஓர் எம்.பி. தனி மனிதராகத்தான் தேர்வாகிறார். காலையில் லேபர், மதியம் லிபரல் என்று இருந்தாலும் அவருடைய நாற்காலியை யாரும் அசைக்க முடியாது. எம்.பி.யைத் திரும்ப அழைக்க 2015இல் வந்த சட்டத்திலும் கட்சி மாறுவது ஒரு காரணமாகச் சேர்க்கப்படவில்லை. அதனால் அங்கே கட்சி மாறுகிற பெரும்பாலானோர் சபையில் வேறு பெஞ்சுக்குப் போய் உட்கார்வதோடு முடித்துக்கொள்வார்கள்.

கார்ஸ்வெல் அப்படிச் செய்யவில்லை. கட்சி மாறிய அதே அறிவிப்பில் எம்.பி. பதவியையும் விடுவதாகச் சொன்னார். ஒரு வேடிக்கை: பிரிட்டிஷ் எம்.பி. நேரடியாக ராஜினாமா செய்ய முடியாது. 1624ஆம் வருடத் தீர்மானம் ஒன்றின்படி அதற்கு வழியில்லை. மன்னரின் கீழ் சம்பளப் பதவி வகிப்பவர் எம்.பி.யாக இருக்கக் கூடாது என்ற விதியைப் பிடித்துக்கொண்டு, வேலையே இல்லாத ஒரு பழைய பதவியில் அவரை நியமிப்பார்கள். உடனே எம்.பி. பதவி காலி. இந்தச் சுற்றுவழியில்தான் கார்ஸ்வெல்லும் வெளியே வந்தார்.

சட்டம் கேட்காததை ஏன் செய்தார்? பத்து வருடமாக அவர் பேசிவந்ததற்கு அதுதான் பொருத்தம். கன்சர்வேடிவ் சின்னத்தில் வாங்கிய வாக்கை யுகிப் பையில் போட்டுக்கொள்ள எனக்கு உரிமை இல்லை, மறுபடி போய்க் கேட்கிறேன் என்பது அந்தச் செயலின் அர்த்தம். இதில் துணிச்சல் இருந்தது. கணக்கும் இருந்தது. கிளாக்டனின் வயதான வாக்காளர்களும், அவர்களில் பலர் கிழக்கு லண்டனிலிருந்து ஓய்வுக்காக வந்து குடியேறியவர்கள் என்பதும், தொகுதியின் ஓரத்தில் இருக்கும் ஜேவிக் என்ற கடலோரக் குடியிருப்பு இங்கிலாந்திலேயே மிகவும் பின்தங்கிய பகுதி என்று அரசுப் பட்டியலில் வந்ததும் அவருக்குத் தெரியாதா என்ன? யுகிப்புக்கு இதைவிடத் தோதான மண் நாட்டில் அதிகம் இல்லை. 2010இல் யுகிப் அங்கே வேட்பாளரே நிறுத்தவில்லை, கார்ஸ்வெல்லே போதும் என்று.

இந்த நகர்வில் அடிபட்ட ஒருவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கிளாக்டனுக்கு யுகிப் ஏற்கெனவே உள்ளூர்க்காரர் ஒருவரை வேட்பாளராகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. பெரிய தலை வந்ததும் அவர் ஓரம் கட்டப்பட்டார். வெளியே மக்களிடம் அனுமதி கேட்ட அரசியல், கட்சிக்குள்ளே இருந்தவரிடம் கேட்கவில்லை.

இடைத்தேர்தல் 9 அக்டோபர் 2014. கேமரூனின் பிறந்தநாள் வேறு. தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னால் சுவரோவியர் பேங்ஸி கிளாக்டன் சுவர் ஒன்றில் படம் வரைந்துவிட்டுப் போனார்: சாம்பல் நிறப் புறாக்கள் கையில் பதாகைகளோடு ஒரு கம்பியில் உட்கார்ந்து, தள்ளி உட்கார்ந்திருக்கும் பச்சைக் குருவியைப் பார்த்து ‘வெளியே போ’ என்கின்றன. யாரோ புகார் கொடுக்க, வரைந்தது யாரென்று தெரியாமலே உள்ளாட்சி மன்றம் அதை அழித்துவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, லட்சக்கணக்கில் விலை போகும் கையெழுத்தைத் துடைத்துவிட்டோம் என்று.

கார்ஸ்வெல்லுக்கு 21,113 வாக்குகள், கிட்டத்தட்ட 60 சதவீதம். கன்சர்வேடிவ் வேட்பாளர் ஜைல்ஸ் வாட்லிங்குக்கு 8,709. பொதுத் தேர்தலில் ஜெயித்தே பார்க்காத யுகிப்புக்கு, மக்கள் தேர்ந்தெடுத்த முதல் எம்.பி. கிடைத்தார்.

ரோசெஸ்டரில் நடந்தது

கிளாக்டன் வாக்குப்பதிவுக்கு முன்பே அடுத்தவர் கிளம்பிவிட்டார். செப்டம்பர் 27 அன்று, கன்சர்வேடிவ் மாநாட்டுக்கு முந்தின நாள், யுகிப் மாநாட்டு மேடையில் மார்க் ரெக்லெஸ் ஏறினார். கென்ட் பகுதியின் ரோசெஸ்டர் ஸ்ட்ரூட் தொகுதி எம்.பி. அதே காரணம், அதே வழிமுறை: பதவியை விட்டார், இடைத்தேர்தலில் நின்றார், நவம்பர் 20 அன்று ஜெயித்தார். வித்தியாசம் 2,920 மட்டும். ஆறே மாதத்தில், 2015 மே பொதுத் தேர்தலில், அதே கன்சர்வேடிவ் வேட்பாளர் கெல்லி டோல்ஹர்ஸ்டிடம் 7,133 வாக்குகளில் தோற்றார்.

ஒரே காரணம், ஒரே வழி, இரண்டு முடிவுகள். வித்தியாசம் தொகுதியில் இருக்கிறது. கிளாக்டன் வாக்காளர்கள் மனதளவில் ஏற்கெனவே இடம்பெயர்ந்திருந்தார்கள், அவர்களுடைய எம்.பி. பின்னால் போனார். ரோசெஸ்டரில் எம்.பி. முதலில் போய், பாதிப் பேரை இழுத்தார். இழுக்கப்பட்டவர்கள் பொதுத் தேர்தலில் நாட்டை யார் ஆள்வது என்ற கேள்வி வந்ததும் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். இடைத்தேர்தலில் கோபத்தைக் காட்டலாம். பொதுத் தேர்தலில் அரசாங்கம் அமைய வேண்டும்.

ரெக்லெஸ்ஸின் அடுத்த பயணம் தனிக் கதை. 2016இல் யுகிப் சார்பில் வேல்ஸ் சட்டமன்றம், 2017இல் அங்கேயே கன்சர்வேடிவ் குழுவுடன் உட்கார்ந்தது, 2019இல் பிரெக்சிட் கட்சி, 2020இல் அந்தச் சட்டமன்றமே இருக்கக் கூடாது, ஒழிக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு கட்சி. முதல் தடவை கட்சியை விடுவதுதான் கஷ்டம் போலிருக்கிறது.

தனி ஆள்

2015 பொதுத் தேர்தலில் யுகிப்புக்கு 38 லட்சத்து 81 ஆயிரம் வாக்குகள், 12.6 சதவீதம். கிடைத்த இடம் ஒன்று. ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்கு 15 லட்சத்துக்கும் குறைவான வாக்குகள், 56 இடங்கள். வாக்கு நாடு முழுக்கப் பரவிக் கிடந்தால் பிரிட்டனின் தேர்தல் முறையில் கைக்கு ஒன்றும் வராது. அந்த ஒற்றை இடம் கார்ஸ்வெல்லுடையது. அங்கேயும் வித்தியாசம் 12,404இலிருந்து 3,437ஆகச் சுருங்கிவிட்டது.

கட்சி மாறுவதைப் பற்றி யோசிக்கிறவர் கூர்ந்து பார்க்க வேண்டிய கட்டம் இதுதான். பிரதான கேள்வியில் கார்ஸ்வெல்லும் ஃபராஜும் நூற்றுக்கு நூறு ஒன்று. வேறு எதிலும் ஒன்று இல்லை. கார்ஸ்வெல்லுக்கு ஒன்றியத்திலிருந்து வெளியேறுவது என்றால் திறந்த வணிகம், நாடாளுமன்றத்துக்கே முழு அதிகாரம். ஃபராஜுக்கு அதில் குடியேற்றமே மையம். 2015 தேர்தல் விவாதத்தில் எச்.ஐ.வி. நோயாளிகளான வெளிநாட்டினருக்கு ஆகும் செலவைப் பற்றி ஃபராஜ் பேசியது கார்ஸ்வெல்லுக்கு உறுத்தியது. 2016 ஜூனில், எல்லையில் வரிசையாக நடந்துவரும் அகதிகளின் படத்தை வைத்து ஃபராஜ் வெளியிட்ட போஸ்டரை வெளிப்படையாகவே கண்டித்தார்.

பணத்திலும் சண்டை. எதிர்க்கட்சிகளின் நாடாளுமன்ற வேலைக்கு அரசு தரும் நிதி, வாங்கிய வாக்கைப் பொறுத்து வரும். 38 லட்சம் வாக்குக்கு யுகிப்புக்கு வருடத்துக்குச் சுமார் ஆறரை லட்சம் பவுண்டு வர வேண்டும். தனி ஒரு எம்.பி.க்கு இவ்வளவு வரிப்பணம் தேவையில்லை, முழுவதையும் வாங்க மாட்டேன் என்று கார்ஸ்வெல் நின்றார். ஆட்களை வைத்து அலுவலகத்தைப் பெரிதாக்கலாம் என்று காத்திருந்த கட்சி கொதித்தது. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. ஆனால் கட்சியின் பக்கமிருந்து பாருங்கள்: 38 லட்சம் பேர் வாக்களித்ததில் வந்த பணத்தை, நேற்று வந்த ஒருவர் வேண்டாம் என்கிறார்.

அரசியல் கட்சி என்பது நூறு விஷயங்களைச் சேர்த்துக் கட்டிய மூட்டை. அதில் ஒன்று மட்டும் பிடித்துப் போகிறவர், மீதி 99ஐயும் தினமும் தூக்கித்தான் ஆக வேண்டும். போவதற்கு முன்னால் கார்ஸ்வெல் இதை யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அந்த மூட்டையைத் தன்னால் மாற்றிக் கட்டிவிட முடியும் என்று நினைத்திருக்கிறார். ஒற்றை எம்.பி. என்ற தகுதி அதற்குப் போதவில்லை.

வாக்கெடுப்பை யார் கொடுத்தது?

2015இல் கன்சர்வேடிவ் கட்சி 331 இடங்களோடு தனிப் பெரும்பான்மை பெற்றது. சொன்னபடி வாக்கெடுப்புச் சட்டம் வந்தது. 23 ஜூன் 2016 அன்று 51.9 சதவீதம் பேர் வெளியேறச் சொன்னார்கள். கிளாக்டன் இருக்கும் டெண்ட்ரிங் வட்டாரத்தில் கிட்டத்தட்ட 70 சதவீதம்.

கட்சியை விடாமல் உள்ளேயே இருந்த வெளியேற்ற ஆதரவாளர்களுக்கு என்ன ஆனது? கட்டுப்பாட்டைத் தளர்த்தி, எந்தப் பக்கமும் பேசலாம் என்று கேமரூன் விட்டுவிட்டார். கேபினட்டில் உட்கார்ந்தவர்களிலேயே மைக்கேல் கோவ் உட்பட ஆறு பேர் வெளியேற்றப் பக்கம் போனார்கள். போரிஸ் ஜான்சன் வந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட கன்சர்வேடிவ் எம்.பி.க்கள் வந்தார்கள். கார்ஸ்வெல் கட்சியில் இருந்திருந்தால் அந்த வரிசையில் சாதாரணமாக நின்றிருக்கலாம்.

அப்படியானால் அவர் போனது முழு வீணா? ஓர் இடத்தில் பலன் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் அவருக்கு அநியாயம் செய்தவன் ஆவேன். வாக்கெடுப்பில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் அதிகாரபூர்வப் பிரச்சார அமைப்பைத் தேர்தல் ஆணையம் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளியேற்றப் பக்கம் இரண்டு கும்பல்கள் மோதின. ஃபராஜ் நின்றது ஒன்றில். கன்சர்வேடிவ்காரர்களும் சில லேபர் எம்.பி.க்களும் சேர்ந்த ‘வோட் லீவ்’ மற்றொன்று. யுகிப்பின் ஒரே எம்.பி. தன் தலைவரை விட்டுவிட்டு ‘வோட் லீவ்’ பக்கம் நின்றார். எல்லாக் கட்சிகளிலிருந்தும் ஆதரவு இருக்கிறதா என்பதும் ஆணையம் பார்க்கிற விஷயம். 2016 ஏப்ரலில் அந்தத் தகுதி ‘வோட் லீவ்’ அமைப்புக்குக் கிடைத்தது. ஃபராஜின் முகம் அதிகாரபூர்வப் பிரச்சாரத்தின் முகமாக ஆகாமல் போனதில் கார்ஸ்வெல்லுக்கும் பங்கு உண்டு. ஒரு கட்சியில் சேர்ந்து அந்தக் கட்சித் தலைவரையே ஓரத்தில் வைக்க உதவுவது விசித்திரமான சேவைதான்.

பழைய கணக்குகள்

ஒப்பிட்டுப் பார்க்க லிங்கன் நகரம் நல்ல இடம். 28 அக்டோபர் 1971 அன்று, இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகத்தில் சேர்வதா என்ற வாக்கெடுப்பு சபையில் நடந்தது. கன்சர்வேடிவ் பிரதமர் எட்வர்ட் ஹீத் சேர விரும்பினார். எதிர்த்து வாக்களிக்கும்படி லேபர் கொறடா உத்தரவு. ராய் ஜென்கின்ஸ் தலைமையில் 69 லேபர் எம்.பி.க்கள் உத்தரவை மீறி அரசோடு வாக்களிக்க, 356க்கு 244 என்று நிறைவேறியது. அந்த 69 பேரில் ஒருவர் லிங்கன் எம்.பி. டிக் டாவர்ன்.

அவருடைய உள்ளூர்க் கட்சிக் கிளை அவரை மன்னிக்கவில்லை. அடுத்த தேர்தலில் நீ வேண்டாம் என்று 1972இல் தீர்மானம் போட்டது. டாவர்ன் பதவியை விட்டு, ‘ஜனநாயக லேபர்’ என்ற பெயரில் 1 மார்ச் 1973 அன்று இடைத்தேர்தலில் நின்றார். 58 சதவீதம் வாங்கி, 13,191 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். பிரிட்டன் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்து சரியாக இரண்டு மாதம் ஆகியிருந்தது. அடுத்து 1974 பிப்ரவரியில் வித்தியாசம் 1,293ஆக இறங்கியது. அக்டோபரில் 984 வாக்குகளில் தோற்றார். இறங்கு வரிசை கார்ஸ்வெல்லுடையது போலவே இருக்கிறது: இடைத்தேர்தலில் பிரமாண்டம், பொதுத் தேர்தலில் மூச்சுத் திணறல்.

ஒரு விஷயம் மட்டும் நேர் எதிர். டாவர்னுக்கு உள்ளே கதவு சாத்தியாகிவிட்டது. அவர் போனாரா, தள்ளப்பட்டாரா என்று கேட்டால் இரண்டும் என்றுதான் சொல்ல வேண்டும். 1981இல் ஜென்கின்ஸ், ஷெர்லி வில்லியம்ஸ், டேவிட் ஓவன், பில் ராட்ஜர்ஸ் நால்வரும் லேபரை விட்டு சோஷியல் டெமாக்ரடிக் கட்சியைத் தொடங்கியபோதும் நிலைமை அதுதான். முந்தின வருட மாநாட்டில் ஐரோப்பியச் சமூகத்தை விட்டு வெளியேறுவதே லேபரின் கொள்கை என்று முடிவாகியிருந்தது. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை, அணு ஆயுதம் என்று வேறு காரணங்களும் சேர்ந்தன. ஐரோப்பா மட்டும் காரணம் என்று சொன்னால் தவறு. 28 லேபர் எம்.பி.க்கள் அந்தப் புதுக் கட்சிக்குப் போனார்கள். பதவியை விட்டு மறுபடி மக்களிடம் போனவர் அவர்களில் ஒரே ஒருவர், மிட்சம் மோர்டன் எம்.பி. புரூஸ் டக்ளஸ்-மேன். ஃபாக்லாந்து போர் நடந்துகொண்டிருந்த 1982 ஜூனில் தேர்தல் வந்தது, கன்சர்வேடிவ் வேட்பாளரிடம் தோற்றார். நேர்மைக்குக் கிடைத்த கூலி. மற்ற 27 பேரும் 1983 வரை நாற்காலியில் இருந்தார்கள்.

அந்த 1983இல் லிபரல் கூட்டணியோடு சேர்ந்து அவர்கள் வாங்கியது 25.4 சதவீதம். லேபர் வாங்கியது 27.6. இடங்கள்? கூட்டணிக்கு 23, லேபருக்கு 209. சோஷியல் டெமாக்ரட்டுகள் மட்டும் என்று எண்ணினால் 6.

2019 பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பிப்ரவரியில் லேபரிலிருந்து எட்டுப் பேர், கன்சர்வேடிவிலிருந்து மூன்று பேர் விலகி, ஒன்றியத்தில் இருப்பதே நல்லது என்று புதுக் குழு அமைத்தார்கள். யாரும் இடைத்தேர்தலுக்குப் போகவில்லை. மே மாத ஐரோப்பியத் தேர்தலில் அவர்கள் கட்சிக்கு ஓர் இடமும் இல்லை. அடுத்த மாதமே ஆறு பேர் அதையும் விட்டார்கள். செப்டம்பர் 3 அன்று, பிரதமர் போரிஸ் ஜான்சன் சபையில் பேசிக்கொண்டிருக்கும்போதே கன்சர்வேடிவ் எம்.பி. ஃபிலிப் லீ எழுந்து நடந்து எதிர்வரிசையில் லிபரல் டெமாக்ரட்டுகள் பக்கம் உட்கார்ந்தார். அந்தச் சில அடிகளில் அரசின் பெரும்பான்மை காணாமல் போனது. பார்க்க நாடகம் மாதிரி இருந்தது. டிசம்பர் தேர்தலில், அந்த வருடம் வேறு கட்சிகளிலிருந்து லிபரல் டெமாக்ரட்டுக்குப் போய் நின்ற எம்.பி.க்கள் எல்லோரும் தோற்றார்கள்.

என் கணிப்பு

இந்த வரிசையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், என் கட்சி இந்தக் கேள்வியில் தப்பான பக்கம் நிற்கிறதா என்பது முடிவெடுக்க உதவுகிற கேள்வியாகத் தெரியவில்லை. பெரிய கட்சிகள் எல்லாமே ஏதோ ஒரு பெரிய கேள்வியில் நமக்குத் தப்பான பக்கம்தான் நிற்கும். இந்தக் கேள்வி எந்த அறையில் முடிவாகப்போகிறது, அந்த அறைச் சாவி யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். 1972இல் லிங்கன் கிளை டாவர்னிடமிருந்து சாவியைப் பிடுங்கியது. 1981இல் லேபர் மாநாடு கதவைப் பூட்டியது. அவர்கள் போனதற்கு அர்த்தம் இருக்கிறது, தோற்றாலும். 2014இல் சாவி கன்சர்வேடிவ் கட்சியிடம் இருந்தது, திறப்பேன் என்று அது தேதியும் குறித்துவிட்டது. அந்த நேரத்தில் வெளியே போனது கார்ஸ்வெல்லின் தேர்வு. கேமரூனை நம்பவில்லை என்கிறார். நம்ப வேண்டிய அவசியம் இல்லையே? 2011இல் நம்பாத 81 பேர் உள்ளே இருந்து நெருக்கித்தான் வாக்குறுதியையே வாங்கினார்கள்.

ஆனாலும் இவர்கள் எல்லோரிலும் முன்மாதிரி என்று சொல்ல ஒருவர் வேண்டுமென்றால் டாவர்னுக்குப் பக்கத்தில் கார்ஸ்வெல்லைத்தான் நிறுத்துவேன். மாறினார், உடனே வாக்கைத் திருப்பிக் கொடுத்தார், மறுபடி கேட்டார். இரண்டு பேச்சும் ஒரே மனிதரைப் பற்றி என்பது முரணாகத் தோன்றலாம். ஒன்று முடிவைப் பற்றியது, மற்றது முறையைப் பற்றியது.

25 மார்ச் 2017 அன்று கார்ஸ்வெல் யுகிப்பை விட்டார். வேலை முடிந்தது என்றார். வெளியேறும் முறையான கடிதத்தை பிரிட்டன் கொடுக்க இன்னும் நான்கு நாள் இருந்தது. அதற்குள் யுகிப் பல தலைவர்களைப் பார்த்துவிட்டிருந்தது, ஒருவர் 18 நாள்தான் இருந்தார். இந்த முறை கார்ஸ்வெல் இடைத்தேர்தலுக்குப் போகவில்லை. வேறு கட்சியில் சேரவில்லையே, சுயேச்சையாகத்தானே இருக்கப்போகிறேன் என்பது அவர் வாதம். 2014இல் அவரே வைத்த அளவுகோலில் இது கொஞ்சம் நெளிகிறது. யுகிப் என்று வாக்களித்த 19,642 பேரிடம் கேட்க வேண்டாமா? சில வாரத்தில் பொதுத் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டதால் அந்தக் கேள்வி அப்படியே நின்றுபோனது. அவர் போட்டியிடவில்லை, கன்சர்வேடிவ் கட்சியை ஆதரிப்பதாகச் சொல்லிவிட்டு விலகினார். பின்னர் அமெரிக்காவின் மிசிசிப்பிக்குப் போய் ஒரு கொள்கை ஆய்வு அமைப்பின் தலைவரானார்.

2017இல் கிளாக்டனை 61 சதவீதத்தோடு ஜெயித்தவர் ஜைல்ஸ் வாட்லிங். 2014இலும் 2015இலும் கார்ஸ்வெல்லிடம் தோற்ற அதே கன்சர்வேடிவ்காரர், பழைய டி.வி. நடிகர். 2019இலும் அவரே. 2024 ஜூலையில் 8,405 வாக்குகளில் தோற்றார், ரிஃபார்ம் கட்சியின் (பழைய பிரெக்சிட் கட்சிதான்) சின்னத்தில் அங்கே வந்து நின்ற நைஜல் ஃபராஜிடம். பத்து வருடத்தில் ஐந்து தேர்தல், ஒரே தொகுதி. வாட்லிங் ஒரு தடவைகூடக் கட்சி மாறவில்லை.